எலிவான் ஆக்சுவேட்டர்: சிமுலேஷனில் ஓடுகிறது, ரிக்கில் திணறுகிறது. எங்கே தவறு?

கோவை_ஏரோ | சனி, இரவு 9.12

எல்லோருக்கும் வணக்கம். எம்.இ. இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். போர் விமானத்தின் எலிவானை (சிறகின் பின்விளிம்பில் அசையும் கட்டுப்பாட்டுப் பரப்பு) எண்ணெய் அழுத்தத்தால் அசைக்கும் ஹைட்ராலிக் ஆக்சுவேட்டரை மாடல் செய்வதுதான் புராஜெக்ட். சிமுலிங்க் மென்பொருளில் முதல்படி (ஃபர்ஸ்ட் ஆர்டர்) மாடல் ஒன்றைப் போட்டேன், பேண்ட்விட்த் (எவ்வளவு வேகமான கட்டளைவரை கூடவே போகும் என்ற அளவு) வினாடிக்கு 20 ரேடியன். அதோடு வினாடிக்கு 150 மி.மீ. என்று ஒரு வேக வரம்பு. அவ்வளவுதான் மாடல்.

இதைச் சரிபார்க்க ஆய்வகத்தில் ஒரு ரிக் (நிஜ ஆக்சுவேட்டரை மாட்டிய சோதனை அமைப்பு) இருக்கிறது. பிஸ்டன் பரப்பு 20 சதுர செ.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 100 மி.மீ., சப்ளை 207 பார், ரிட்டர்ன் 7 பார். காற்றின் விசைக்குப் பதிலாக எதிரில் ஒரு சுமை சிலிண்டர் தள்ளும்.

சிறிய கட்டளை கொடுத்தால் மாடலும் ரிக்கும் ஒன்றின் மேல் ஒன்று படிகின்றன. சுமை இல்லாமல் முழு வேகத்தில் ஓட்டினாலும் 150 சரியாக வருகிறது. ஆனால் 20 கிலோநியூட்டன் எதிர்ச்சுமை வைத்தால் வேகம் 105-ஐத் தாண்ட மாட்டேன் என்கிறது. அதே சுமை பிஸ்டன் போகும் திசையிலேயே தள்ளினால் சுமார் 165 வருகிறது. வேக வரம்பை எந்த எண்ணுக்கு மாற்றினாலும் ஒரு பக்கம் பொருந்தினால் இன்னொரு பக்கம் பிசகுகிறது. மூன்று வாரமாக இதே இடத்தில் நிற்கிறேன். வழிகாட்டிப் பேராசிரியர் சென்சாரை மாற்றிப் பார்க்கச் சொல்கிறார்.

வால்வுக்காரர் | சனி, இரவு 10.05

தம்பி, சென்சாரைத் தொடாதீர்கள். உங்கள் ரிக் உண்மையைத்தான் சொல்கிறது. இருபது வருடத்துக்கு மேல் சர்வோ வால்வு டெஸ்ட் பெஞ்சில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், நீங்கள் கொடுத்த முதல் இரண்டு வேகங்களும் அழகாக ஒத்துப்போகின்றன.

வால்வு என்பது ஒரு துளை. துளை வழியே போகும் எண்ணெயின் அளவு, துளையின் பரப்பையும் அதன் இரு பக்கமும் உள்ள அழுத்த வித்தியாசத்தின் வர்க்கமூலத்தையும் பொறுத்தது. உங்களிடம் சப்ளைக்கும் ரிட்டர்னுக்கும் நடுவே 200 பார் இருக்கிறது. சுமை இல்லாதபோது அத்தனையும் வால்வில் விழுகிறது, 150 மி.மீ. கிடைக்கிறது. 20 கிலோநியூட்டனை 20 சதுர செ.மீ.-ஆல் வகுத்தால் 100 பார். அதைச் சுமை எடுத்துக்கொண்டது. வால்வுக்கு மிச்சம் 100 பார். பாதியின் வர்க்கமூலம் 0.707. 150-ஐ அதால் பெருக்கினால் 106. உங்களுக்கு வந்தது 105.

சுமையை 30 கிலோநியூட்டன் ஆக்கினால் வேகம் சரியாகப் பாதி, 75. 40 கிலோநியூட்டனில் பிஸ்டன் அப்படியே நின்றுவிடும். ஆக, வேக வரம்பு என்று தனியாக ஒரு எண்ணே கிடையாது. அது சுமையோடு நகரும் ஒரு கோடு. வேக வரம்பு பிளாக்கை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வால்வின் வர்க்கமூலச் சமன்பாட்டை எழுதுங்கள். வரம்பு தானாக வரும்.

ஒரே ஒரு இடம் இடிக்கிறது. சுமை உதவும் திசையில் வால்வில் 300 பார் விழ வேண்டும். 1.5-இன் வர்க்கமூலம் 1.22. வேகம் 184 வந்திருக்க வேண்டும். உங்களுக்கு 165 தான். பம்ப் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர்?

கோவை_ஏரோ | சனி, இரவு 10.31

ஐயா, இப்போதே ஆய்வகத்தில் இருக்கும் நண்பனிடம் பெயர்ப்பலகையைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். நிமிடத்துக்கு 20 லிட்டர்.

வால்வுக்காரர் | சனி, இரவு 10.44

அதேதான். 184 மி.மீ. வேகத்துக்கு நிமிடத்துக்கு 22 லிட்டர் வேண்டும். பம்பிடம் 20 தான் இருக்கிறது. 20 லிட்டருக்கு வேகம் 167. சப்ளை அழுத்தம் 207-லிருந்து இறங்கியிருக்கும், கேஜைப் பார்த்தால் தெரியும்.

இதை ரிக்கின் குறை என்று ஒதுக்காதீர்கள். விமானத்திலும் இதுதான் நடக்கிறது. தரையிறங்கும் நேரத்தில் ஒரே ஹைட்ராலிக் லைனில் எலிவான், சுக்கான், லேண்டிங் கியர் எல்லாம் ஒன்றாக எண்ணெய் கேட்கும். சப்ளை அழுத்தத்தை மாறிலி என்று எழுதிய மாடல், ஒரு ஆக்சுவேட்டர் தனியாக ஓடும்வரைதான் சரி.

கட்டளைவிதி | ஞாயிறு, காலை 7.50

ஒரு மாற்றுக் கருத்து. நான் கட்டுப்பாட்டு விதி வடிவமைப்பில் வேலை செய்கிறேன். எங்களுக்கு ஆக்சுவேட்டர் என்பது இரண்டாம்படி மாடல், ஒரு வேக வரம்பு, ஒரு நிலை வரம்பு. இவ்வளவு எளிமையாக இருப்பதால்தான் ஒரு ராத்திரியில் ஆயிரக்கணக்கான பறப்பு நிலைகளை ஓட்டிப் பார்க்க முடிகிறது. ஸ்பூலும் (வால்வுக்குள் நகர்ந்து துளையைத் திறந்து மூடும் தண்டு) துளையும் எண்ணெயும் போட்டால் ஒரு பறப்பு நிலைக்கே மணிக்கணக்கு ஆகும். மாணவருக்கு என் ஆலோசனை: முதலில் எளிய மாடலில் கற்றுக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் மாடலில் திணிப்பதால் அது நல்ல மாடல் ஆகிவிடாது.

வால்வுக்காரர் | ஞாயிறு, காலை 9.20

கடைசி வரியை முழு மனதோடு ஒப்புக்கொள்கிறேன். ஆயிரம் பறப்பு நிலைக்கு உங்கள் மாடல்தான் வேண்டும். ஆனால் அதில் இருக்கும் வேக வரம்பு எண் எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் சுமையில்லாமல் அளந்த எண். பேண்ட்விட்த் எங்கிருந்து வந்தது? ஸ்ட்ரோக்கில் ஒன்றிரண்டு சதவீத அசைவுக்கு எடுத்த அதிர்வெண் சோதனையிலிருந்து. இரண்டுமே ஆக்சுவேட்டர் சுகமாக இருக்கும் நிலைமைகள்.

இதில் கிரிப்பன் கதையைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஸ்வீடனின் ஜாஸ் 39 கிரிப்பன், நிலையற்ற விமானம், கணினி இல்லாமல் பறக்காது. முதல் மாதிரி 1989 பிப்ரவரி 2 அன்று லின்ஷோப்பிங்கில் தரையிறங்கும்போது நொறுங்கியது. கட்டுப்பாட்டு விதியைத் திருத்தினார்கள். 1993 ஆகஸ்ட் 8, ஸ்டாக்ஹோம் நீர்த் திருவிழாவில் கூட்டத்துக்கு அருகே இன்னொன்று விழுந்தது. யாரும் சாகவில்லை. இரண்டு தடவையும் அதே விமானி, இரண்டு தடவையும் பிழைத்தார். 1993-இல் விமானி குச்சியைப் பெரிதாகவும் வேகமாகவும் அசைத்தார். கட்டுப்பாட்டுப் பரப்புகள் வேக வரம்பில் போய் முட்டின. அதற்குப் பிறகு விமானி கேட்டது ஒன்று, விமானம் செய்தது இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே 1992 ஏப்ரல் 25 அன்று அமெரிக்காவில் எட்வர்ட்ஸ் தளத்தில் ஒய்எஃப்-22 ஓடுபாதைக்கு மேலே மூக்கை ஏற்றி இறக்கித் தத்தளித்துக் கீழே விழுந்ததிலும் வேக வரம்புக்குப் பங்கு உண்டு.

கணக்காகப் பாருங்கள். எலிவான் வேகம் வினாடிக்கு 60 டிகிரி என்று வைப்போம். வினாடிக்கு ஒரு சுற்று, 5 டிகிரி அளவுள்ள சைன் கட்டளை. அதன் உச்ச வேகம் 31 டிகிரி, பிரச்சினை இல்லை. முதல்படி மாடலில் 17 டிகிரி பின்னடைவோடு எலிவான் கூடவே போகும். இப்போது அதே அதிர்வெண்ணில் 20 டிகிரி கட்டளை. 126 டிகிரி வேகம் கேட்கிறது, 60 தான் இருக்கிறது. எலிவானின் அசைவு சைன் அலையாக இல்லாமல் முக்கோண அலையாகிவிடும். உச்சம் 15 டிகிரி. அந்த உச்சமும் கட்டளையின் உச்சத்துக்கு 41 டிகிரி பிந்தி வரும், அதாவது 0.115 வினாடி. பேண்ட்விட்த் மாறவில்லை, வால்வு மாறவில்லை. கேட்ட அளவு மட்டும்தான் பெரிதானது. சிறிய அசைவுக்கு வரைந்த போடே வரைபடம் (ஒவ்வொரு அதிர்வெண்ணுக்கும் அளவும் பின்னடைவும் காட்டுவது) இதைக் காட்டவே காட்டாது.

கோவை_ஏரோ | ஞாயிறு, காலை 11.02

ஐயா, நீங்கள் சொன்னபடி போட்டேன், அந்த 41 டிகிரி அப்படியே வந்தது. மிகவும் நன்றி. அதன் மேல் காற்றுச்சுமையும், பிஸ்டனை நிறுத்தும் சுமையில் பாதி இருக்கிறது என்று வேகத்தை 60-லிருந்து 42 ஆக்கினேன். உச்சம் 10.5 டிகிரிக்கு இறங்கி, பின்னடைவு 58 டிகிரி ஆகிவிட்டது. இது சரிதானா?

சிறகதிர்வு | ஞாயிறு, மதியம் 12.15

கணக்கு சரி, ஆனால் நிலைமை அப்படி இல்லை. நான் ஃப்ளட்டர் (காற்றில் சிறகு தானாக அதிர்ந்து, அதிர்வு பெருகிக்கொண்டே போவது) பக்கம் வேலை பார்ப்பவள்.

எலிவான் நடுநிலையிலிருந்து விலகிப் போகும்போது காற்று அதை எதிர்க்கிறது. திரும்பி வரும்போது அதே காற்று தள்ளிவிடுகிறது. எனவே போகும்போது மெதுவாகவும் வரும்போது வேகமாகவும் ஓடும். 42 என்று ஒரே எண்ணை இரண்டு பக்கமும் போட்டால் பின்னடைவை மிகையாகக் கணக்கிடுகிறீர்கள். கீல் மீது வரும் திருப்புவிசையை எலிவானின் கோணத்தோடும் விமானத்தின் வேகத்தோடும் சேர்த்து ஒவ்வொரு கணமும் கணக்கிட்டு வால்வுச் சமன்பாட்டுக்குக் கொடுங்கள். அலை முக்கோணமாகக்கூட இருக்காது, வளைந்து வரும். இன்னொன்று: ஒலிவேகத்தைத் தாண்டும்போது காற்று அழுத்தத்தின் மையம் பின்னால் நகரும், கீலின் சுமை கூடும். சுமை இல்லாமல் அளந்த எண்ணை நம்பினால் மோசமாக ஏமாற்றுவது அந்த இடத்தில்தான்.

வால்வுக்காரர் | ஞாயிறு, மதியம் 12.40

ஆமாம், அவர் சொல்வதுதான் சரி. நான் அதைச் சொல்லாமல் விட்டது தவறு. தம்பி, உங்கள் 105-ம் 165-ம் சொன்னது இதையேதான்.

கட்டளைவிதி | ஞாயிறு, மாலை 4.10

41 டிகிரி கணக்கை நானும் எங்கள் மாடலில் போட்டுப் பார்த்தேன். எளிய மாடலிலேயே அது வருகிறது, ஏனென்றால் வேக வரம்பு அதில் இருக்கிறது. ஆக எளிய மாடல் கண்ணில்லாதது இல்லை. பெரிய கட்டளைகளைக் கொடுத்துப் பார்க்கவில்லை என்றால்தான் தெரியாது. ஆனால் அந்த எண்ணைச் சுமைக்குத் தக்க மாறும் ஒரு அட்டவணையாக்கலாம் என்பது எனக்குப் புதிது. விரிவான மாடலை ஒரே ஒரு தடவை ஓட்டி அட்டவணை எடுத்தால் ஆயிரம் பறப்பு நிலைக்கும் அது போதும். நாளைக்கே முயற்சி செய்கிறேன்.

கிரிப்பனில் பிறகு செய்தது வெறும் வேக வரம்புச் சரிபார்ப்பு மட்டுமல்ல. கட்டளை வரம்பில் முட்டும்போது பின்னடைவைக் குறைக்கும்படி மென்பொருளிலேயே ஈடுகட்டும் அமைப்பைச் சேர்த்தார்கள். விமானி குச்சியைத் திருப்பினால் எலிவானும் உடனே திரும்பும், முழு அளவு எட்டாவிட்டாலும் பரவாயில்லை என்பது அதன் அடிப்படை.

கோவை_ஏரோ | செவ்வாய், இரவு 8.30

வர்க்கமூலச் சமன்பாடு போட்டாயிற்று. வேகம் மூன்று நிலையிலும் பொருந்துகிறது! ஆனால் வேறு ஒன்று கிளம்பியிருக்கிறது. சுமை சிலிண்டரைக் கழற்றிவிட்டு 400 கிலோ எஃகுத் தட்டுகளை மாட்டி அதிர்வெண் சோதனை செய்தேன். எண்ணெயின் பருமக் குணகம் (அமுக்கினால் எவ்வளவு எதிர்க்கும் என்ற அளவு) 10,000 பார், இரண்டு அறைகளும் சேர்த்து 250 கன செ.மீ. இதை வைத்துக் கணக்கிட்டால் எண்ணெய் ஒரு மி.மீ.-க்கு 64 கிலோநியூட்டன் விறைப்புள்ள ஸ்பிரிங். 400 கிலோவோடு சேர்ந்தால் இயல்பு அதிர்வெண் 64 ஹெர்ட்ஸ். ரிக்கில் வருவது 35. எண்ணெயில் காற்று இருக்கிறது என்று நினைத்துப் பருமக் குணகத்தைக் குறைத்தேன். 3,000 பார் ஆக்கினால்தான் பொருந்துகிறது. இது நம்பத் தகுந்ததா?

சிறகதிர்வு | செவ்வாய், இரவு 9.25

3,000 என்றால் எண்ணெய் நுரைத்துப்போயிருக்க வேண்டும். டேங்கில் நுரை தெரிகிறதா? இல்லை என்றால் எண்ணெய் மீது பழி போடாதீர்கள். சிலிண்டரைத் தாங்கும் பிராக்கெட்டில் ஒரு டயல் கேஜ் வையுங்கள். 20 கிலோநியூட்டன் கொடுத்து எவ்வளவு அசைகிறது என்று பாருங்கள்.

கோவை_ஏரோ | புதன், மாலை 6.05

0.67 மி.மீ. அசைகிறது அக்கா. அவ்வளவு தடிமனான பிராக்கெட்! நம்பவே முடியவில்லை.

சிறகதிர்வு | புதன், மாலை 6.50

அப்படியென்றால் பிராக்கெட்டின் விறைப்பு ஒரு மி.மீ.-க்கு 30 கிலோநியூட்டன். எண்ணெயின் 64-ஐவிடப் பாதிக்கும் குறைவு. இரண்டும் தொடராக இருக்கின்றன, சேர்ந்தால் 20.4. அதிர்வெண் 36 ஹெர்ட்ஸ். உங்கள் 35-க்கும் இதற்கும் உள்ள மீதி வித்தியாசத்துக்குக் கொஞ்சம் காற்று போதும்.

பருமக் குணகத்தை 3,000 ஆக்கிப் பொருத்தியிருந்தால் வரைபடம் அழகாக வந்திருக்கும், யாரும் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் பிஸ்டன் ஓரத்துக்குப் போகும்போது எண்ணெயின் விறைப்பு மாறும், பிராக்கெட்டின் விறைப்பு மாறாது. நடுவில் பொருந்திய அந்த மாடல் ஓரத்தில் தப்பான பதில் கொடுக்கும். விமானத்தில் இதே தவறை நான் நேரில் பார்த்திருக்கிறேன். எந்த இடம், எந்தத் திட்டம் என்று சொல்ல முடியாது. ஆக்சுவேட்டரின் விறைப்பைச் சோதனைக் கூடத்தில் கெட்டியான எஃகுச் சட்டத்தில் மாட்டி அளந்தார்கள். சிறகில் மாட்டிய பிறகு சிறகின் ஸ்பார் (சிறகைத் தாங்கும் நீள உத்திரம்) வளைவதைச் சேர்க்கவில்லை. எலிவான் சுழலும் அதிர்வெண் கணக்கிட்டதைவிடக் கீழே இறங்கியது. சிறகு வளையும் அதிர்வெண்ணுக்குப் பக்கத்தில் அது வந்துவிட்டால் ஃப்ளட்டர். தரை அதிர்வுச் சோதனையில் கண்டுபிடித்தோம், பறப்பதற்கு முன்னால். அந்த ஒரு வாரம் எனக்குச் சரியான தூக்கம் இல்லை.

நேரப்படி | புதன், இரவு 10.15

நிகழ்நேர சிமுலேஷன் பக்கத்திலிருந்து ஒரு எச்சரிக்கை. வர்க்கமூலம் போட்டீர்கள் அல்லவா, அழுத்த வித்தியாசம் பூஜ்யத்தைத் தொடும் இடத்தில் அதன் சரிவு முடிவிலியாகிவிடும். சால்வர் (சமன்பாட்டைத் தீர்க்கும் நிரல்) அங்கே நேர அடியைச் சின்னதாக்கிக்கொண்டே போய் நின்றுவிடும். அழுத்த வித்தியாசம் மிகக் குறைவாக இருக்கும்போது எண்ணெய் சீராக ஓடும், அப்போது ஓட்டம் அழுத்தத்துக்கு நேர்விகிதம். அந்தச் சின்னப் பகுதியை நேர்கோடாக மாற்றிவிடுங்கள். இயற்பியலும் அதுதான், சால்வரும் ஓடும்.

உராய்வும் இதே ரகம். திசை மாறும்போது உராய்வு ஒரே தாவலில் எதிர்ப்பக்கம் போகிறது என்று எழுதினால் பிஸ்டன் நிற்க வேண்டிய இடத்தில் நடுங்கிக்கொண்டே இருக்கும். அந்த நடுக்கத்தை நிஜ லிமிட் சைக்கிள் (அடங்காமல் ஒரே அளவில் தொடரும் அதிர்வு) என்று நினைத்து வால்வைக் குறை சொன்னவர்கள் உண்டு. நேர அடியின் அளவைப் பாதியாக்கிப் பாருங்கள். நடுக்கத்தின் அதிர்வெண் மாறினால் அது உங்கள் கணினியில் பிறந்தது. மாறாவிட்டால் வால்வைப் பாருங்கள்.

பார்வையாளர்_7 | வியாழன், காலை 8.00

நான் பொறியாளர் இல்லை, விமானங்கள் மேல் ஆர்வம் மட்டும்தான். போயிங் 737 சுக்கான் பிரச்சினை என்று படித்திருக்கிறேன். இப்படி மாடல் செய்திருந்தால் அது முன்பே தெரிந்திருக்குமா?

வால்வுக்காரர் | வியாழன், காலை 10.30

நல்ல கேள்வி. எனக்கு நெஞ்சைப் பிசையும் கேள்வியும்கூட.

1991 மார்ச் 3, கொலராடோ ஸ்பிரிங்ஸில் யுனைடெட் 585, 25 பேர். 1994 செப்டம்பர் 8, பிட்ஸ்பர்க் அருகே யுஎஸ்ஏர் 427, 132 பேர். சுக்கானின் சர்வோ வால்வில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு ஸ்லைடுகள். ஒன்று சிக்கினால் இன்னொன்று காப்பாற்றும் என்பது வடிவமைப்பு. ஆனால் வெளி ஸ்லைடு நடுநிலையிலிருந்து விலகிய இடத்தில் கூட்டோடு சிக்கி, உள் ஸ்லைடு தன் எல்லையைத் தாண்டி ஓடினால் எண்ணெய் தப்பான வழியில் திரும்பிவிடும். விமானி இடது பெடலை மிதித்தால் சுக்கான் வலதுபக்கம் போகும். வால்வைக் குளிரவைத்து, அதில் சூடான எண்ணெயைப் பாய்ச்சிப் பார்த்த சோதனையில்தான் அந்தச் சிக்கல் வெளிப்பட்டது. 1999-இல் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியமான என்டிஎஸ்பி இதையே 427-இன் காரணமாக முடிவு செய்தது. பிறகு சுக்கான் அமைப்பையே மாற்றி வடிவமைத்தார்கள்.

மாடல் சொல்லியிருக்குமா? ஸ்லைடு சிக்குவதையும் எல்லை தாண்டுவதையும் மாடலில் எழுதியிருந்தால் திசை மாறுவது ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். ஆனால் வெப்பத்தால் உலோகம் விரிந்து சிக்கும் என்பதை எழுத வேண்டும் என்று முதலில் ஒருவருக்குத் தோன்ற வேண்டும். அதனால்தான் துலூஸில் ஏர்பஸ் நிறுவனமும் பெங்களூரில் தேஜஸ் குழுவும் நிஜ ஆக்சுவேட்டர், நிஜக் குழாய், நிஜ எண்ணெயோடு அயர்ன் பேர்ட் என்ற முழு அளவு ரிக்கைக் கட்டினார்கள். மாடலில் எழுத மறந்ததை ரிக் மறக்காது.

கட்டளைவிதி | வியாழன், மதியம் 1.20

ஹைட்ராலிக் லைனே இல்லாத ஆக்சுவேட்டர்களிலும் வெப்பம்தான் பிரச்சினை. ஏர்பஸ் ஏ380-இல் இரண்டு ஹைட்ராலிக் அமைப்பும் இரண்டு மின் அமைப்பும் உண்டு, அழுத்தமும் வழக்கமான 3,000 பிஎஸ்ஐ இல்லை, 5,000. மின்சாரம் கொடுத்தால் தனக்குள்ளேயே மோட்டாரும் சிறிய பம்பும் வைத்து எண்ணெயைத் தள்ளும் ஆக்சுவேட்டர்கள் அதில் இருக்கின்றன. வழக்கமான அமைப்பில் சூடான எண்ணெய் டேங்குக்குத் திரும்பிப் போய்விடும். இதில் போக இடமில்லை. பரப்பு அசையாமல் சுமையைத் தாங்கி நிற்கும்போதுகூட மோட்டாரில் மின்னோட்டம் ஓடிக்கொண்டே இருக்கும், சுருள் சூடாகிக்கொண்டே இருக்கும். எங்கள் மாடலில் அசையாத பரப்பு என்றால் செலவே இல்லாத பரப்பு. அதற்கு ஒரு வெப்ப மாடலைச் சேர்த்தபோதுதான் கண் திறந்தது.

கோவை_ஏரோ | சனி, இரவு 9.45

எல்லோருக்கும் நன்றி. இந்த வாரம் செய்தவை: பிராக்கெட் விறைப்பைத் தனி ஸ்பிரிங்காகச் சேர்த்தேன், பருமக் குணகம் 9,000-க்குத் திரும்பியது. பம்ப் ஓட்டத்துக்கு 20 லிட்டர் வரம்பு வைத்தேன். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் நேர்கோடு போட்டதும் ஓட்டம் நிற்கவே இல்லை. பேராசிரியரிடம் டயல் கேஜைக் காட்டினேன். நீண்ட நேரம் பார்த்தார். அப்புறம் அவரே பிராக்கெட்டுக்குக் குறுக்குத் தாங்கி பற்றவைக்கச் சொல்லிவிட்டார்.

ஒன்று மட்டும் மிச்சம். 0.2 மி.மீ.-க்குக் குறைவான கட்டளைக்கு ரிக் கொஞ்ச நேரம் அசையாமல் இருந்துவிட்டுத்தான் கிளம்புகிறது. மாடல் உடனே கிளம்புகிறது.

வால்வுக்காரர் | சனி, இரவு 10.20

ஸ்பூலின் விளிம்பு துளையை விடக் கொஞ்சம் அகலமாக இருக்கலாம், அல்லது சீலின் உராய்வு. வால்வுக்குப் போகும் மின்னோட்டத்தையும் இரண்டு அறைகளின் அழுத்தத்தையும் சேர்த்துப் பதிவு செய்யுங்கள். மின்னோட்டம் ஏறியும் அழுத்தம் மாறாவிட்டால் ஸ்பூல். அழுத்தம் மாறியும் பிஸ்டன் அசையாவிட்டால் சீல். தாங்கியைப் பற்றவைப்பதற்கு முன்னாலேயே எடுத்துவிடுங்கள், பழைய தரவோடு ஒப்பிட வேண்டும்.

கோவை_ஏரோ | சனி, இரவு 10.26

திங்கள் காலை வெல்டர் வருகிறார் ஐயா. நாளை ஞாயிறு, ஆய்வகச் சாவி என்னிடம்தான் இருக்கிறது. எடுத்துவிட்டு இங்கேயே போடுகிறேன்.